மூன்றைத் தவிர்க்கத் தெரியாது

பஹாஹீலில் மூன்றாவது நாளாகத் தூசி.
பள்ளியை மூடிவிட்டார்கள்.
ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களை ஓரம் தள்ளி
சாப்பாட்டு மேசையில் ஆறு தளங்களை நிறுத்துகிறேன்.
நிறுத்துகிறேன் என்றால்
ஆறு கோவைகளை எழுதிப் பெருக்குகிறேன்.
பெருக்கல் பூச்சியமாகும் இடமெல்லாம் என் பரப்பு.

பெட்டி மாதிரி இருக்குமென்று நினைக்க வேண்டாம்.
ஒவ்வொரு தளமும் முடிவிலிவரை போகும்,
போகிற வழியில் மற்ற ஐந்தையும் வெட்டும்.
வெட்டுமிடத்தை நான் தையல் என்பேன்.
அருளப்பன் வெல்டு என்பான்.
மீனா அப்துல்லாவில் குழாய்களுக்கு
எக்ஸ்ரே எடுக்கிறவன் வேறென்ன சொல்வான்.

எனக்கு வேண்டியது இது:
கலப்பெண் தளம் முழுவதும்,
விளிம்பென்று ஒன்றில்லாத அந்த வெளி முழுவதும்,
என் பரப்புக்குள் வரட்டும்.
வந்தால் ஒரே புள்ளியாகச் சுருண்டு உட்காரட்டும்.
அசைந்துகொண்டே நுழைய ஒரு வழியும் இருக்கக் கூடாது.
அப்படி அமைந்தால் அது ஹைப்பர்போலிக்.

"இமிகிரேஷன் மாதிரி."
இல்லை, அவர்கள் திருப்பி அனுப்புவார்கள்.
இது உள்ளே விட்டு நகராமல் வைத்துக்கொள்ளும்.
"அப்ப கபீல் மாதிரின்னு சொல்லு."

தளங்களை அப்படியே விட்டால் யாரும் ஓடலாம்.
ஆகவே ஆறாம் படியில் இன்னொரு கோவை,
மிகச் சிறிய எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.
தையல்கள் இளகும். ஆறும் ஒன்றாகும்.
அதில் எவனோ ஓடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம்.
அந்தச் சிறிய எண்ணைப் பூச்சியம்வரை தேய்த்துக்கொண்டு போனால்
அவன் நிழல் பழைய தளமொன்றில் விழுந்தே தீரும்.
நிழல் தையலைத் தாண்டலாம்,
இரண்டாவது கோவை பூச்சியமாகிற புள்ளிகளில் மட்டும்.
தையலுக்கு ஆறு துளை.

"துளைன்னா எவ்வளவு?"
விட்டம் கிடையாது.
"ஃபிலிம்ல விழாது."
விழாது.

தளத்தில் ஒரு கோடு ஐந்து தையலைக் கடக்க வேண்டும்.
மூன்றில் துளை வாய்த்தால் மிச்சம் இரண்டு.
இரண்டு புள்ளிகளைத் தவிர்த்து
முடிவின்றி ஓடத் தெரியும் முழு வளைவுக்கு.
மூன்றைத் தவிர்க்கத் தெரியாது.
முதன்முதலில் இதைப் படித்த மாலை
மூன்று பேருந்துகளைத் தவறவிட்டேன்,
எண்ணிக்கை தற்செயல்.

நேற்றிரவு நாலாம் தளத்தில்
மூன்று துளைகள் ஒரே கோட்டில்.
கோவையைச் சமச்சீராக எழுதியிருந்தேன்,
எந்த மாறியை எதோடு மாற்றினாலும் மாறாதபடி,
கொஞ்சம் பெருமையோடு.
"ரொம்ப அழகா வெல்டு பண்ணுறவன் மேலதான்
எனக்குச் சந்தேகம் வரும்" என்றான்,
டேப்பைப் பல்லால் கடித்து
ஜன்னல் சட்டத்தில் ஒட்டிக்கொண்டே.

கெடுத்தேன்.
ஏழு இருந்த இடத்தில் ஏழே சொச்சம்.
இரண்டு குறிகளைத் திருப்பிப் போட்டேன்.
கோடுகள் அடைபட்டன.

"வளைஞ்சு போனா?"
கூம்பு வளைவென்றால் பத்து இடத்தில் கடக்க வேண்டும்,
எட்டு துளை தேவைப்படும்.
விடியும்வரை எண்ணினேன். எட்டு எங்கும் சேரவில்லை.

எந்தச் சமன்பாட்டுக்கும் அடங்காமல்,
துளைகளை மட்டும் முகர்ந்து முகர்ந்து
எண்ணற்ற முறை கடந்து போகிற ஒன்று இருந்தால்?
இதை அவன் கேட்கவில்லை.
நான்தான், பல் துலக்கும்போது.

குழாய்த் தண்ணீரில் மணல் நெறிகிறது.
டேப் ஒட்டிய ஜன்னலின் உள்பக்கம்
மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு படிந்திருக்கிறது,
எந்த வழியாக வந்ததென்று தெரியவில்லை.
அருளப்பன் நேற்றைய ஃபிலிமை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறான்.
வெல்டின் நடுவில் கருப்பாக ஒரு பொட்டு.
"ஓட்டையா, தூசியா? நீயே பாத்துச் சொல்லு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.
துடைத்த துணியிலும் தூசி.